நான் சொல்லாமல் விட்ட பழுது

தொண்ணூறுகளில் லூயிஷாமில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்தேன். பழைய காலச் சண்டைகளை நடித்துக் காட்டுகிறவர்கள் பாவித்த மாதிரித் துவக்குகளை வாங்கி, திருத்தி விற்போம். குண்டு போடுவதில்லை, வெடிமருந்து மட்டும் நிறைத்து வெடிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை துவக்கு வாங்க வந்த வெள்ளைக்காரர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "என்ன, அடுப்புக்குள் தலையை விட்டாயா?" என்றார். துவக்கில் ஒரு பழுது இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன்.

"துவக்கைப் பற்றி உன்னிடமா கேட்பது? துடைத்துத் தா, போதும். நாளைக்கு நடிப்புக்கு வேண்டும்."

துடைத்துக் கொடுத்தேன். மருந்தைப் பற்றவைக்க அடிக்கும் அதன் சுத்தியலைப் பாதி இழுத்தால் நிற்காது, வழுகி விழும். மருந்து நிறைக்கும்போதே முகத்தில் வெடிக்கலாம். வெடிக்கட்டும் என்றே நினைத்தேன்.

பின்னேரம் வீட்டில் சாமிப்படத்தின் முன் நின்றேன். தேவாரம் வாயில் வரவில்லை. என் மனிசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் பேசினது பிழைதான். அதுக்கு அவன்ர கண்ணைக் கேக்கிறியளோ? முதல்ல போன் பண்ணுங்கோ," என்றாள்.

பட்டறைக்கு ஓடிப்போய் அவருடைய நம்பரைத் தேடி எடுத்து, போனில் பழுதைச் சொன்னேன்.

திங்கட்கிழமை அவர் வந்து துவக்கை மேசையில் எறிந்தார். "விற்கும்போது உன் வாய்க்கு என்ன நடந்தது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சுத்தியலைத் திருத்திக் கொடுத்தேன்.

அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அந்த ஆளின் கண் நல்லாயிருக்கவேண்டும் என்று ஒருதரம் கும்பிடாமல் நான் கோயிலைவிட்டு வெளியே வருவதில்லை.