உச்சிப்புளி தாண்டி நின்ற ரயில்

தங்கசாமி, சிக்கல் ஊர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ரயில் டிரைவரானவர். 1950களின் கடைசியில் ராமேஸ்வரம் பாசஞ்சரை ஓட்டினார். உச்சிப்புளி தாண்டினால் இருபுறமும் மணல். நடந்தால் கால் புதையும். அதனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நடப்பார்கள். விசில் கொடுத்தால் ஒதுங்குவார்கள். ஒதுங்காதவர்களுக்காக வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுக் கிளம்புவது தங்கசாமிக்குப் பழகிப்போயிருந்தது.

வாடைக்காற்று அடித்த ஒரு கார்த்திகைச் சாயங்காலம், தலையில் பனையோலைக் கட்டோடு ஒரு பெண் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓலை காதை மூடியிருந்தது. எதிர்க்காற்று விசில் சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளியது. தங்கசாமி பிரேக் பிடித்தார். வண்டி அவளைத் தாண்டித்தான் நின்றது.

அவள் பெயர் நாகலெட்சுமி. ஓலை வெட்டும் சோணைமுத்துவின் மனைவி. விசாரணையில் டிரைவர் மேல் தவறில்லை என்றார்கள்.

மறுபடி வேலைக்கு வந்த அன்றே, அதே இடத்தில் தங்கசாமி வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஹமீது நிமிர்ந்தான்.

"என்னண்ணே?"

"முன்னால ஓலக்கட்டு போகுதுல்ல."

ஹமீது எட்டிப் பார்த்தான். "அங்கன யாருமில்லண்ணே. மணலுதான் பறக்குது."

அவருக்கு மட்டும் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், அவசரமில்லாமல் நடந்தாள். கண்ணிலிருந்து மறைந்த பிறகே அவர் வண்டியை எடுத்தார். இப்படியே தினமும் தாமதமானது. அக்கரைக்குப் போகும் கப்பலைத் தவறவிட்ட பயணிகள் மனு கொடுத்தார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டபோதெல்லாம் 'தண்டவாளத்தில் ஆள்' என்றே தங்கசாமி எழுதினார்.

கடைசியில் ஒரு நாள் சோணைமுத்துவைத் தேடிப் போனார். நடந்ததையெல்லாம் சொன்னார். அடிப்பான் என்றுதான் நினைத்தார். சோணைமுத்து கேட்டான்:

"எந்தப் பக்கமாப் போறா?"

"ஊர்ப்பக்கம்."

"அப்ப வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கா. நிப்பாட்டுங்கய்யா. அவ ஒதுங்கட்டும்."

அடுத்த வாரமே தங்கசாமியை இன்ஜினிலிருந்து இறக்கி, மண்டபம் ஸ்டேஷனில் ரயில் பெட்டி கோக்கும் வேலைக்குப் போட்டார்கள். புது டிரைவர் வந்தார். வண்டி அன்றும் நேரத்துக்கு வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ராமசுப்பிரமணியன் தங்கசாமியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"தண்டவாளத்துல ஒருத்தன் குறுக்க நிக்கிறானாம். உம்ம பேரச் சொல்றானாம். போய்ப் பாரும்."

தங்கசாமி ஓடினார். நின்ற இன்ஜினுக்கு முன்னால் சோணைமுத்து இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தான். பயணிகள் இறங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கு அவ தெரியுறாளா?" என்று தங்கசாமி மெல்லக் கேட்டார்.

"எனக்கு எங்க தெரியுது? ஒங்க கண்ணுக்குத்தான தெரியுறா. நீங்க எறங்கிட்டீங்க. இனி அவளுக்கு யாரு நிப்பாட்டுவா?"

தங்கசாமி அவன் கையைப் பிடித்து மணலுக்கு இறக்கினார். தண்டவாளத்தைப் பார்த்தார். "போயிட்டாப்பா. வண்டிய விடலாம்" என்றார். வண்டி நகர்ந்தது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, வேலை முடிந்ததும் தங்கசாமி அங்கே நடந்து போய்விடுவார். வண்டி வரும் நேரத்தில் சோணைமுத்துவின் கையைப் பிடித்தபடி ஓரத்தில் நிற்பார். "வாராளா?" என்பான். "ஒதுங்கிட்டா" என்பார். பிறகுதான் அவன் கை தளரும். பாசஞ்சர் நிற்காமல் போகும்.

இன்ஜினிலிருந்து இறங்கிய நாள் முதல் அவள் அவர் கண்ணுக்குத் தெரியவேயில்லை. அதை மட்டும் அவர் சோணைமுத்துவிடம் சொல்லவில்லை.