ஓடாத விளம்பரம்

அப்போது நான் திருப்பூரில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் விளம்பரம் வாங்கும் வேலையில் இருந்தேன். வீரபாண்டியில் பனியன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் மாதந்தோறும் அங்கே வருவார். குட்டையான ஆள், நகக்கண்ணில் எப்போதும் சாயம் ஒட்டியிருக்கும். எதைச் சொல்வதானாலும் முதலில் ஒருமுறை சிரித்துக்கொள்வார்.

"கடவுள் இல்லை. கவலையை விடுங்க." திரையின் அடியில் இந்த வரி ஓட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி ஒவ்வொரு முறையும் மறுத்தார். "கோயில் விளம்பரமெல்லாம் நின்னு போயிருமுங்க." பத்திரிகைக்காரர்களும் இதையேதான் சொன்னார்களாம். பட்டறைக்காரர் கோபித்துக்கொண்டதே இல்லை. "சரிங்க, அடுத்த மாசம் வர்றனுங்க" என்று சிரித்தபடி கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் தேரோட்டத்தை நேரடியாக ஒளிபரப்பினோம். வழியில் ஒரு மோர்ப் பந்தலைக் கூட்டம் மொய்த்தது. பார்க்க நன்றாக இருக்கிறதென்று முதலாளியே கேமராவை அங்கே திருப்பச் சொன்னார். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அண்டாப் பக்கம் திரும்பினார். அவருடைய பனியனின் முதுகில் அந்த வரி, ஊர் முழுக்கத் தெரியும்படி, கொட்டை எழுத்தில் இருந்தது. முதலாளி தலையில் கைவைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பந்தலுக்குப் போய்க் கேட்டேன். "சாமி இல்லைங்கறீங்க. அப்புறம் தேர் பார்க்க வர்றவங்களுக்கு ஏனுங்க மோர் ஊத்தறீங்க?"

வழக்கம்போல ஒருமுறை சிரித்துக்கொண்டார். ஒரு டம்ளரை நிரப்பி என் கையில் கொடுத்தார்.

"வெயில் இருக்குதுங்களே."