குளம் எழும்பிய வியாழக்கிழமை

யூஜின் பஹோல்ஸ்கி இருபத்தேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்துபோய், எங்காவது பிள்ளை தூங்கிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அது விதி. எல்லா ஓட்டுநர்களும் பார்ப்பார்கள். யூஜின் பார்த்துவிட்டு இறங்கி, கதவைப் பூட்டி, நாலடி நடந்து, திரும்ப வந்து ஏறி மறுபடியும் பார்ப்பார். அமெரிக்காவில் டொலிடோ நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவருடைய கவலையைப் பற்றித் தெரியாதவர் யாருமில்லை.

"எங்க கல்யாணத்தன்னிக்கு இந்த ஆளு என்னைப் பாக்கவே இல்ல. சர்ச் கூரை தாங்குமான்னு மேலயே பாத்துக்கிட்டு நின்னாரு" என்று அவர் மனைவி லொரெய்ன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். யூஜினும் கூடச் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு அந்தக் கூரையில் ஒரு கீறல் இருந்தது உண்மை.

கவலைக்கென்று அவருக்கு ஒரு பருவம் உண்டென்றால் அது மே மாதம். கொல்லைப்புற நீச்சல்குளத்தின் உறையைக் கழற்றும் மாதம். பள்ளி நாட்களில் நீச்சல் அணியில் இருந்த லொரெய்னுக்காகப் பதினோரு வருடத்துக்கு முன் வாங்கிப் போட்டது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்ததைத் திறந்து, பம்பைப் பொருத்தி, குழாய்களில் பனி விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தண்ணீரில் காகிதப் பட்டையை முக்கி எடுத்து, நிறம் சரியா என்று வெயிலில் ஒரு தடவையும் நிழலில் ஒரு தடவையும் பார்ப்பார். குளோரின் கூடினால் கண் எரியும், குறைந்தால் பாசி பிடிக்கும். இரண்டையும் நினைத்து அவருக்குத் தூக்கம் கெடும்.

இந்த வருடம் கவலைக்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில் லொரெய்னுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றியிருந்தார்கள். கைத்தடியோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதே பெரும்பாடு. தண்ணீருக்குள் நின்று நடந்தால் உடம்பின் பாரம் காலில் இறங்காது, சீக்கிரம் தேறலாம் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து லொரெய்ன் நாட்காட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

உறையை எடுத்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. ஜனவரிப் பனியின் கனத்தில் உறை ஒரு பக்கம் கிழிந்து, போன இலையுதிர்காலத்து ஓக் இலைகள் அத்தனையும் உள்ளே விழுந்து ஊறியிருந்தன. கறுப்புக் காப்பி போலத் தண்ணீர். அதில் தலைப்பிரட்டைகள் வேறு.

லொரெய்னின் தம்பி டுவேன், கூரை வேலை செய்கிறவன், இடுப்பில் கைவைத்து நின்றான்.

"மூணு வாரம் மருந்து கொட்டிக்கிட்டு உக்காரப் போறியா, யூஜின்? எங்கிட்ட பெரிய பம்ப் இருக்கு. மொத்தத்தையும் எறச்சு வெளிய விட்டுட்டு, கழுவி, புதுத் தண்ணி புடிச்சா ஞாயித்துக்கிழமை அக்கா உள்ள இறங்கிடலாம்."

லொரெய்னின் முகம் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டதும் மலர்ந்ததை யூஜின் பார்த்தார். கூடவே, குளத்தோடு வந்து அலமாரியில் இருக்கும் கையேட்டின் நாலாம் பக்கமும் கண்முன் வந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: முழுவதும் காலி செய்யவே கூடாது.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"ஆரம்பிச்சிட்டாரு பாரு!" என்றார் லொரெய்ன். டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான்.

யூஜின் வாயை மூடிக்கொண்டார். "சரி, எறைச்சிடலாம்" என்றார். புதன்கிழமை மாலை பம்ப் ஓட ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பு. மே மாதத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறி நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் இருக்கும் பேஸ்மென்ட் மூலையிலும் ஒரு குழியும், அதில் தானாகவே ஓடி ஊற்றுத் தண்ணீரை வெளியே தள்ளும் சின்னப் பம்பும் உண்டு. வியாழன் விடிகாலையில் யூஜின் படுக்கையில் கிடந்தபடி அந்தப் பம்பின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். வழக்கமாக அரை மணிக்கு ஒரு தடவை ஓடுவது, நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடியது. வெளியே தூறல். வானிலைச் செய்தி வெயில் என்றல்லவா சொல்லியிருந்தது!

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான் பாக்கி. டுவேனின் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. மண்ணில் காலை வைத்தால் சதக் சதக்கென்றது. பம்பை அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், சொன்னால் சிரிப்பார்கள். ஆறு மணிக்குப் பேருந்தில் இருக்க வேண்டும். கிளம்பிவிட்டார்.

மூன்றாவது நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறலெல்லாம் இல்லை, கண்ணாடியில் கல்லெறிவது போன்ற மழை. துடைப்பான் இடமும் வலமும் போகப் போக, யூஜினின் மனதில் ஒரே படம்தான் ஓடியது. காலி வாளியைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் எப்படி மேலே வரும்? அவர் வீட்டுக் குளமும் ஒரே வார்ப்பில் செய்த ஃபைபர் தொட்டிதான். உள்ளே இருக்கும் தண்ணீரின் கனம்தான் அதை மண்ணில் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கனத்தை எடுத்தாயிற்று. சுற்றியுள்ள மண்ணோ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. அவர் தொடவுமில்லை.

"மிஸ்டர் பி! மிஸ்டர் பி! காலெப்பை விட்டுட்டுப் போறீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு சிறுமி கத்தினாள்.

பிரேக்கை மிதித்தார். தபால் பெட்டி அருகே மஞ்சள் மழைச்சட்டையில் காலெப் நனைந்துகொண்டு நின்றான். இருபத்தேழு வருடத்தில் ஒரு நிறுத்தத்தையும் அவர் தாண்டியதில்லை. "மன்னிச்சுக்கடா ராஜா" என்றபோது அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, இருக்கைகளைப் பார்த்து, இறங்கி, திரும்ப ஏறிப் பார்த்து, பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: வியாழக்கிழமை, லொரெய்னுக்குப் பயிற்சி நாள். டுவேன் கூட்டிக்கொண்டு போயிருப்பான். வீட்டில் யாருமில்லை, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்து மணி வாக்கில் கொல்லைக் கதவைத் திறந்தார். குளத்தைச் சுற்றிப் பதித்திருந்த கல்பலகைகள் ஆழமான பக்கத்தில் பெயர்ந்து சாய்ந்திருந்தன. தொட்டியின் வெள்ளை விளிம்பு தரையைவிட இரண்டு விரற்கடை மேலே நின்றது. உள்ளேயிருந்து கப்பல் முனகுவது போல ஒரு முனகல். யூஜின் ஓடிப்போய் பம்பின் இணைப்பைப் பிடுங்கினார். உடனே போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

குளத்துச் சாமான் கடை வைத்திருக்கும் ரேனா எடுத்தாள். நடந்ததைச் சொன்னார்.

"காலி பண்ணச் சொன்னது யாரு? சரி, அப்புறம் பேசலாம். உள்ள மட்டும் இறங்கிடாதீங்க. எவ்வளவு தண்ணி கெடைக்குதோ அவ்வளவையும் உள்ள விடுங்க. சுத்தமா அழுக்கான்னு பாக்காதீங்க, கனம் ஏறணும், அவ்வளவுதான். நான் மதியத்துக்கு மேலதான் வர முடியும்."

தோட்டத்துக் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தார். அந்தப் பெரிய வெள்ளைக் குழிக்குள் விழுந்த தண்ணீர், அழுகிற பிள்ளையின் மூக்கொழுகல் போல இருந்தது. அந்த நேரத்தில்தான் கார் வந்து நின்றது. டுவேன் ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"யூஜின்... நான் நெனைக்கவே இல்ல..."

"உன் பம்ப்போட ஹோஸைக் கொண்டா. முன்பக்கக் குழாயில மாட்டு."

லொரெய்ன் கைத்தடியைத் திருப்பி ஊன்றி, கொட்டுகிற மழையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார். "நோரீன்! உன் ஹோஸை எடு! அப்புறம் சொல்றேன், இப்ப எடு!" என்று அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அங்கிருந்து அடுத்த வீடு. தெரு ஓரமாக நீரில் சறுக்கிச் சறுக்கி நடக்கும் மனைவியைப் பார்த்து, குளத்துக்குப் பயப்படுவதா அவர் காலுக்குப் பயப்படுவதா என்று யூஜினுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பயந்தார்.

பதினோரு மணிக்கு ஐந்து ஹோஸ்கள் வேலிக்கு மேலாகவும் அடியிலுமாக வந்து சேர்ந்தன. அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் திறந்ததில் தண்ணீர் வேகம் குறைந்தது. யூஜின் பென்சிலால் வேலிப் பலகையில் விளிம்பின் உயரத்தைக் கோடு போட்டு வைத்தார். கால் மணிக்கு ஒரு கோடு. மூன்று விரற்கடை. மூன்றரை. பேஸ்மென்டில் பம்ப் இப்போது நிற்காமல் ஓடியது.

ஒன்றேமுக்காலுக்கு அவர் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். கடைசிக் கோடும் முந்தின கோட்டைவிட ஒரு மயிரிழை மேலேதான் இருந்தது.

"இன்னும் ஏறுது. எப்படி விட்டுட்டுப் போவேன்?"

"நீ நின்னா இறங்கிடுமா?" என்றார் லொரெய்ன். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "நாப்பது பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும். போ. கோடு நான் போடறேன்."

அந்த நடையில் அவர் ஒரு நிறுத்தத்தையும் தாண்டவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். நாலரைக்கு வீடு வந்தபோது மழை விட்டிருந்தது. தொட்டியில் மார்பளவுக்குத் தண்ணீர். வேலியில் லொரெய்ன் போட்ட கோணல்மாணலான கோடுகள் கடைசி நாலும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஏறுவது நின்றுவிட்டது.

ரேனா ரப்பர் பூட்ஸோடு வந்து மட்டப்பலகை வைத்துப் பார்த்தாள்.

"நாலு அங்குலம். ஆழமான பக்கம் மட்டுந்தான். ரெண்டு குழாய் ஒடஞ்சிருக்கு, மாத்திடலாம். தொட்டியில விரிசல் விடல, அதுவே பெரிசு. பழையபடி உக்கார வைக்கணும்னா மொத்தத்தையும் தோண்டி எடுக்கணும். இல்லைன்னா இப்படியே விட்டுடலாம்."

"நான் இதுல பில்லியர்ட்ஸா ஆடப் போறேன்? விடு, இருந்துட்டுப் போகுது" என்றார் லொரெய்ன்.

அன்று சாயங்காலம் நோரீன் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் வைத்த பியரோகிக் கொழுக்கட்டையைச் சமையலறையில் இருவரும் தின்றார்கள். லொரெய்ன் முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்திருந்தார். மேசைமேல் கையேடு நாலாம் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் லொரெய்ன்.

"தெரியும்."

"எல்லாத்துக்கும் பயப்படற ஆளு. டோஸ்டருக்குக் கூடப் பயப்படற ஆளு. இதுக்கு மட்டும் ஏன் வாயத் தெறக்கல?"

யூஜின் முள்கரண்டியால் வெங்காயத்தை ஒதுக்கினார். "நீ சிரிப்பேன்னு."

"சிரிப்பேன்தான். முப்பத்தாறு வருஷமாச் சிரிக்கிறேன். நான் சிரிச்சா என்ன, நீ சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்ற லொரெய்ன், பிறகு குரல் தணிந்து, "நீ சொல்லிடுவேங்கற நம்பிக்கையிலதான் நான் எதையும் யோசிக்கறதில்ல" என்றார்.

யூஜின் அவருடைய பனிக்கட்டிப் பையை வாங்கி, கரைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பிக் கொடுத்தார்.

குழாய் மாற்றி, மருந்து போட்டு, தண்ணீர் தெளிய ஜூன் பத்து ஆகிவிட்டது. டுவேன் இரண்டு சனிக்கிழமை வந்து கல்பலகைகளைப் பெயர்த்துச் சரிவாகத் திரும்பப் பதித்துக் கொடுத்தான். இப்போது ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது. மறுபக்கம் நாலு அங்குலத்துக்கு வெள்ளைச் சுவர் தெரிகிறது. வருகிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

முதல் நாள் லொரெய்ன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்று மூச்சுவிட்டார். பிறகு கைத்தடியில்லாமல் நடந்தார். யூஜின் பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படியில வழுக்கும்."

"தெரியும்."

"ரொம்ப ஆழத்துக்குப் போகாத."

"நீந்தத் தெரியும்யா எனக்கு."

"தெரியும். இருந்தாலும் சொல்றேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகுது. அப்புறம், தண்ணி இன்னும் கொஞ்சம் குளிராத்தான் இருக்கு."

லொரெய்ன் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆழமான பக்கம் வரை நடந்து, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.