அரைக் கட்டை இறங்கிய பாட்டுகள்

அவளுக்கு வில்லி என்று பேர் வைத்தது அவளுடைய தம்பிதான். கையில் வயலின் வில் இருப்பதால் வில்லி என்று வெளியே விளக்கம் சொல்வான். யாரையும் லேசில் நம்பாத அவள் குணத்துக்கும் பேர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்ததால், குழுவில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பகலில் அவள் பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று இடையில் நீலத் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். சரி என்று தெரிந்த பிறகும் இன்னொரு தாள் கிழித்து இன்னொரு முறை பார்ப்பாள்.

தம்பி டிரம்ஸ்காரன். அவனும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாப் பங்க் குழு தொடங்கினார்கள். சட்டென்று முடிந்துவிடும் பாட்டுகள், காதலில் தோற்றவனின் கத்தல், காலைத் தரையில் வைக்க விடாத தாளம். இரண்டாவது கிட்டாருக்கு ஆள் கிடைக்காததால், படித்த வயலினை அலமாரிமேல் தூக்கிப் போட்டிருந்த அக்காவை இழுத்துக்கொண்டு போனான். முதல் மேடையில் அவள் பெட்டியைத் திறந்தபோது, "நம்மள தூங்க வைக்கப் போறாங்கடா" என்றான் கூட்டத்தில் ஒருவன். பாட்டு முடிவதற்குள் அவனே இன்னொருவன் தோளில் ஏறி ஆடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஊர் ஊராக வேனில் போனார்கள். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. வயலின் வைத்த குழு என்றே ஜனங்கள் அடையாளம் சொன்னார்கள். கிட்டாரை மீட்டிக்கொண்டே பாடும் பாட்டுக்காரன் அதைக் கேட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுவதாக அவளுக்குத் தோன்றும்.

மூன்றாவது இசைத்தட்டுக்குத் தயாரானபோதுதான் அவள் மூக்கில் வேர்த்தது. வந்த போஸ்டரில் வயலினின் கழுத்து மட்டும் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. பாதி முகத்தோடு அவள். தம்பி, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டிரம்ஸ் குச்சிகளோடு கிளம்பினான்.

"காய் வாங்கக் குச்சி எதுக்கு?" என்று கேட்டாள்.

"பையிலயே கிடந்துச்சுக்கா" என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"விடேன்டி. அவன் என்ன கொலையா பண்ணப் போறான்" என்றாள் அம்மா. அம்மாவுக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

அடுத்த ஒத்திகையின் இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனதும் பாட்டுக்காரனின் கிட்டாரை எடுத்து மீட்டினாள். கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. சுருதி அரைக் கட்டை கீழே. டீயோடு திரும்பியவன், "கம்பி பழசாயிடுச்சு" என்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஆறு கம்பியும் பளபளவென்று புதுசாக இருந்தன. அந்தச் சுருதியில், விரல் வைக்காமல் வாசிக்கும் அவளுடைய திறந்த தந்திகள் ஒத்து வராது. அவளைக் கழற்றிவிட இதைவிட நாசூக்கான வழி இல்லை.

ஒரு மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒத்திகை அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு ஓடியது. வயலின் வரும் இடத்தைக் கிட்டார் வாசித்தது. கதவைத் தட்டவில்லை. அங்கிருந்து நேராகப் பெரிய ஓட்டல் ஒன்றுக்குப் போய், வரவேற்புக் கூடத்தில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் சேர்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர்கள் பல மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஒத்திகையில் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னைத் தூக்கணும்னா நேரா சொல்லுங்க. ஏன் இந்தத் திருட்டுத்தனம்?"

தம்பி பாட்டுக்காரனைப் பார்த்தான். பாட்டுக்காரன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"தொண்டையில சதை வளந்திருக்குக்கா. மேல போக முடியல. அதான் சுருதிய இறக்கிப் பாக்குறோம்."

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு இதுல?"

"முன்னாடி பேஸ் கிட்டார் வாசிச்சவனை மேடையில மைக்கிலயே சுருதி சேரலன்னு சொன்னீங்க. அந்த வாரமே அவன் போயிட்டான். உங்க காதுக்குத் தெரிஞ்சா என் கதியும் அதான்னு பயந்துட்டேன்."

உண்மையாகத்தான் பேசுகிறானா என்று அவள் அவன் கழுத்தையே பார்த்தாள். விழுங்கும்போது அவன் முகம் சுளித்தது. ஓட்டல் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ எங்களை விட்டுப் போறது நீதானாக்கா?" என்றான் தம்பி.

கொடுத்த வாக்குக்காக ஓட்டலில் சில மாதங்கள் வாசித்தாள். சூட்கேஸ் உருட்டிக்கொண்டு போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் குழு இரண்டு மேடைகளில் வயலின் இல்லாமல் பாடி, இரண்டிலும் "வில்லி எங்கே" என்ற கூச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டது. தம்பி வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் பாட்டுக்காரனே பல் கூடத்துக்கு வந்து வாசலில் நின்றான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "உன்னால எதுவரைக்கும் போக முடியும்? ஒளிக்காம சொல்லு" என்று மட்டும் கேட்டாள்.

தந்திகளை அரைக் கட்டை இறக்கினாள். பல்லவியில் அவனால் எட்ட முடியாத இடங்களை வயலின் எடுத்துக்கொண்டது. மூன்றாவது இசைத்தட்டு முன்னவற்றைப் போல ஓடவில்லை. ஆனால் ஒரு வருஷம் மேடைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் பாடுவதை நிறுத்தினான். குழு சண்டை இல்லாமல் கலைந்தது.

இப்போது அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். எல்லாம் சரியாகிவிட்டதாக டாக்டர் சொன்னார் என்பான். குரலில் ஏதாவது கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு அவன் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "டாக்டர் நிஜமாவே அப்படித்தான் சொன்னாரா?" என்று கேட்பாள்.