முத்திரை இல்லாத அட்டை

கெளுத்தி மீனின் முள் குத்தினால் கை தோள்வரை கடுக்கும். கடற்கரையில் பிறந்தவர்கள் எல்லோரும் சிறு வயதில் ஒரு தரமாவது அதற்கு அழுதிருப்பார்கள். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, அடுப்படியில் உட்கார்ந்து கெளுத்தி அரிந்துகொண்டிருந்தேன். அந்த முள் என் வலது சுண்டுவிரலில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நான் பேசிக்கொண்டே அடுத்த மீனை எடுத்தேன். பக்கத்தில் இருந்த தங்கை பிரகாசிதான் கத்தினாள்.

வலிக்கவில்லையே என்றேன். அம்மா முள்ளைப் பிடுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த திட்டைப் பார்த்தாள். தேமல் என்று நினைத்து மாதக்கணக்கில் அதன்மேல் ஏதேதோ தடவிக்கொண்டிருந்தோம். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் பெயரையும் ஊரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டினால் வரும் தீவில் ஒரு மீன்பிடிக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மறைக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். என்னைப்போல வெள்ளை மாத்திரையை விழுங்கிக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று காத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து வேலை செய்யும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எதற்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

எங்கள் பங்குச் சாமியாருக்கு விஷயம் தெரிந்தவுடன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். உள்நாட்டில், ரயிலில் போய் இறங்கிப் பிறகு மாட்டுவண்டியில் போகவேண்டிய ஓர் இடத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் தொழுநோய் மருத்துவமனைக்கு அந்தக் கடிதம். அப்பாதான் என்னைக் கூட்டிப்போனார்; நாங்கள் அவரை அய்யா என்போம். வழி முழுக்க அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்கவில்லை.

டாக்டரம்மா என் கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சால் கையைத் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். திட்டின்மேல் தொட்டபோது நான் சும்மா உட்கார்ந்திருந்தேனாம். வெந்நீரும் தண்ணீரும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்களை மாற்றி மாற்றித் திட்டின்மேல் வைத்து, எது வெந்நீர் என்று கேட்டார். தப்பாகச் சொன்னேன். முழங்கையின் உட்புறம் விரலை ஓட்டி, அங்கே போகும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். ஊரில் இதைப் பெருவியாதி என்பார்கள். டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. டாப்சோன் (தொழுநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) என்று எழுதினார். ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும், வீட்டுக்குப் போகலாம் என்றார். செத்துப்போன உணர்ச்சி மட்டும் திரும்பாது என்றார்.

"இனிமே கண்ணாலதான் தொடணும். பழகிக்கோ," என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்ற சொல்லை மட்டும் நான் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஊரில் என்னைக் கேட்டவர்களிடம் அம்மா ஒரே வாக்கியம்தான் சொல்லியிருக்கிறாள். "மூத்தவ கன்னியர்கிட்டப் போயிருக்கா." அதில் பொய் ஏதும் இல்லை. மிச்சத்தை ஊர் தானாகச் சொல்லிக்கொண்டது. மடத்துக்குப் போயிருக்கிறாள், சிஸ்டராகப் போகிறாள், அந்த வீட்டுக்குக் கொடுப்பினை என்று பேசினார்கள். கோயிலில் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் வேறு என்ன சொல்வது?

மருத்துவமனையில் ஓர் அட்டை அறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் அதை நடத்தினார். விளிம்பு கூராக்கிய எஃகு அச்சுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நட்சத்திரம், மணி, புறா, மெழுகுவர்த்தி. கெட்டித் தாளின்மேல் அச்சை வைத்து, புத்தகம் கட்டுகிறவர்களிடம் இருப்பது மாதிரியான திருகு பிரஸ்ஸில் தள்ளி, கைப்பிடியைச் சுற்றினால் தாள் நறுக்கென்று வெட்டுப்படும். ஓட்டைக்குப் பின்னால் மஞ்சள் மெல்லிய தாளை ஒட்டினால் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. விழுந்த நட்சத்திரத்தை இன்னொரு தாளில் ஒட்டினால் இன்னொரு அட்டை. மாட்டுத்தொழுவத்தையும் பனைமரத்தையும் மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். மையில் ஒற்றி அழுத்தினால் படம் விழும்.

எனக்கு அந்த வேலை பிடித்தது. அதற்காக அதை மருந்து என்றெல்லாம் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் பார்க்க வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள். பிரஸ்ஸில் கை வைத்தவர்களுக்கு அடிக்கடி விரல் நுனி நசுங்கும். நசுங்கியது தெரியாமல் வேலை பார்ப்போம். தாளில் சிவப்பு பட்டபிறகுதான் யாருடைய கை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அந்த அட்டையை அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

முடிந்த அட்டைகளைச் சீமைக்கு அனுப்புமுன் ஒரு மர அலமாரிக்குள் வரிசையாக நிறுத்தி, கண்ணை எரிக்கும் மருந்துப் புகை போடுவார்கள். பின்பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை குத்துவார்கள். தொழுநோயாளிகள் கையால் செய்தது என்று இங்கிலீஷில் இருக்கும். இரக்கப்பட்டு வாங்குகிறவர்களுக்கு அந்த முத்திரை வேண்டும். வாங்கியபின் பயப்படாமல் இருக்க அந்தப் புகையும் வேண்டும்.

முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஓர் அட்டை அனுப்பட்டுமா என்று கேட்டேன். சிஸ்டர் யோசித்துவிட்டு, முத்திரை குத்தாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புறா வெட்டிய அட்டை. என் கையிலிருந்து எதுவும் ஒட்டிவிடுமோ என்று பயந்து அதையும் ஒரு தரம் புகை அலமாரியில் வைத்து எடுத்தேன். உள்ளே, எல்லோருக்கும் என் வாழ்த்து என்று மட்டும் எழுதினேன்.

மறுவருடம் அய்யா என்னைப் பார்க்க வந்தார். வலைநூல் வாங்க மதுரைக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அந்த அட்டையின் கதையைச் சொன்னார். ஊர்ப் பெண்கள் வந்து அதைத் தொட்டு முத்தமிட்டார்களாம். பிள்ளைப்பேற்று வலியில் கிடந்த ஒருத்தியின் தலையணைக்கு அடியில் வைக்க வாங்கிப்போனார்களாம். சுகமாகப் பிறந்ததாம். இப்போது இன்னும் நாலைந்து பேர் கேட்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அய்யா சிரிக்கவில்லை. முடிந்தால் அனுப்பு தாயி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பினேன். ஒவ்வொரு டிசம்பரிலும் முத்திரை இல்லாமல் சில அட்டைகள் போயின. பிரகாசிக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. சாமிக்கு ஒரு பெண்ணைக் கொடுத்த வீடு என்று தேடிவந்து கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மடத்தில் விடமாட்டார்கள் என்று அம்மா சொன்னாளாம். என் பெயரில் போன வாழ்த்து அட்டையைப் பந்தலில் வாசித்தார்களாம். மணி வடிவத்தில் வெட்டி, உள்ளே பொன்தாள் வைத்துச் செய்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு எதிர்வினை வந்தது (கிருமி சாகும்போது உடம்பு தன் நரம்பையே எதிர்த்து வீங்குவது). முழங்கையிலிருந்து விரல்வரை நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. முள் ஏறியது தெரியாத அதே கைதான். உணர்ச்சி இல்லாத கைக்கு வலி மட்டும் எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவிடம் கோபமாகக் கேட்டேன். நரம்பு போகும்போது கத்திவிட்டுத்தான் போகும் என்றார். வலி அடங்கியபோது உள்ளங்கை முழுக்க மரத்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிவிட்டன. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு பிரஸ்ஸில் அச்சை இடது கையால் வைத்தேன். பசை காய்ந்ததா, தாள் ஈரமா என்பதையும் இடது கையே பார்த்தது.

வருடங்கள் கழித்து ஒருநாள், காதுமடலில் கீறிச் சோதித்த ரத்தநீரில் கிருமி இல்லை என்றார் டாக்டரம்மா. அதற்கு முந்தைய சோதனைகளிலும் இல்லையாம். என்னால் யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என் துணிமணி எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் அடுக்கினேன். வருகிறேன் என்று கடிதம் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

மண்டபம் ஸ்டேஷனில், பாலத்துக்கு இந்தப் பக்கமே, அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னை இறங்கச் சொன்னாள். கன்னத்தைத் தடவினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"பெட்டி எதுக்குத் தாயி? மடத்துலருந்து வாரவுக ஒரு பையோடதான வருவாக."

எனக்கு நல்லாயிருச்சும்மா, டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காக என்றேன். அம்மா அந்தத் தாளை வாங்கவில்லை.

"நல்லாயிருச்சுன்னு சொன்னா, என்ன வந்துச்சுன்னு கேப்பாக," என்றாள். "பிரகாசி மாமியா வீட்டுல சும்மா விடுவாகளா? அவ கைப்புள்ளையோட இருக்கா. நீ சிஸ்டராவே வந்துட்டுப் போ தாயி. எத்தன தடவ வேணும்னாலும் வா."

ஓலைப்பையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்தாள். இன்னும் அங்கி கொடுக்கவில்லை, வெள்ளைச் சேலைதான் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ரயிலுக்கே திரும்பியிருப்பேன். ஆனால் வாசலிலிருந்து கடல் வாடை வந்தது. இத்தனை வருடம் நான் மாத்திரை விழுங்கியது அந்த வாடைக்காகத்தான். பெண்கள் அறைக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டேன். பெட்டியை அம்மாவுக்குத் தெரிந்த ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் ஓலைப்பையில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தோம்.

வீட்டுச் சுவரில் என் அட்டைகளை ஒட்டியிருந்தார்கள், நடுவில் இயேசுவின் திருவிருதயப் படம். வந்தவர்கள் எல்லோரும் என்னைச் சிஸ்டர் என்றார்கள். என்னோடு கிளிஞ்சல் பொறுக்கியவர்களும் நீங்க, வாங்க என்றார்கள். மடங்கிய விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மடத்துச் சமையலில் வெந்துபோனது என்று அதற்கும் அம்மாவிடம் கதை இருந்தது.

மறுநாள் காலையில், பக்கத்து வீட்டு எலிசம்மாள் தன் மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பல நாளாகக் காய்ச்சல். கம்பவுண்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. பிள்ளையின் உதடு வெடித்திருந்தது.

"சிஸ்டர், புள்ள தலையில கைய வையிங்க."

நான் யோசிக்காமல் இடது கையை நீட்டினேன். அம்மா பதறிப்போய்ச் சொன்னாள்: "சோத்தாங்கையி, தாயி."

இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் பையில்தான் இருந்தது. இருந்தாலும் அந்த நெற்றியில் கை வைக்கப் பயந்தேன். நல்லாயிருச்சு என்று அம்மாவிடம் சொன்னவள்தான், எனக்கே அது முழுக்க நம்பிக்கையாக இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கையை வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால் அது ஒரு குழந்தையின் நெற்றி என்று தெரிந்தது. கண்ணை மூடியிருந்தால் மேஜையா, மணலா என்றுகூடச் சொல்லியிருக்க முடியாது.

எலிசம்மாள் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "சூடு எறங்குதா சிஸ்டர்?"

"எறங்கும்," என்றேன். அந்த ஊரில் என் வாயால் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு, உடனே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். தாமதித்தால் ஆபத்து என்று அதட்டினேன். சிஸ்டர் சொன்னதால் அடுத்த ரயிலிலேயே போனார்கள்.

நான் அதற்கு மறுநாள் புறப்பட்டேன். மண்டபத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அம்மா ரயில் நகரும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையன் பிழைத்துவிட்டான் என்று பிரகாசி எழுதினாள். டைபாய்டாம். ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஊசியைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை, அக்கா கை வைத்ததைத்தான் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பிள்ளை செத்திருந்தால் இன்றுவரை என் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் பிழைத்ததோடு நான் வீட்டுக்குப் போகும் வழி அடைந்துபோனது. அற்புதம் செய்த சிஸ்டரை வீட்டில் வைத்துக்கொண்டு மீன் அரியச் சொல்ல முடியாது.

இப்போது இதே மருத்துவமனையில், நோயாளியாக இல்லாமல், வேலைக்காரியாக இருக்கிறேன். வெந்நீரை இடது கையால் பார்க்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் இடது கையால் நெற்றியைத் தொட்டுக்கொள்கிறேன். வலது கை எனக்கு எதுவும் சொல்வதில்லை. எப்போதாவது அதைப் பார்க்கும்போது, ஊர்க்காரர்களுடைய பொருளை நான் பத்திரமாக வைத்திருப்பதுபோல் இருக்கிறது. எனக்கு வருடம் என்பது டிசம்பரிலிருந்து டிசம்பர்வரைதான். இடையில் இருக்கும் மாதங்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

எலிசம்மாளின் மகன் பள்ளிக்கூடம் போகிறானாம். தன் பெயர் எழுதிய அட்டை வேண்டும் என்று கேட்டிருந்தான். நேற்று அவனுக்காக நட்சத்திரம் வெட்டி, மஞ்சள் தாள் ஒட்டி, பசை காய்ந்ததை இடது கையால் தொட்டுப் பார்த்தேன். மேஜையில் ரப்பர் முத்திரை இருந்தது. எடுத்து மையில் ஒற்றினேன். அட்டையைத் திருப்பி, வெகுநேரம் அந்த வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முத்திரையைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, அட்டையை உறைக்குள் போட்டு ஒட்டினேன்.