வாசலில் கிடந்த மயில்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை ஹாஸ்டலில் சேர்ப்பதற்காக அப்பா முன்கூட்டியே வாங்கி வைத்தது. அருள்புரத்தில் அப்பா நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டினார், அம்மா பனியன் கம்பெனியில் தைத்தார். இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். பெண் பிள்ளையைப் பூட்டிய வீட்டில் எத்தனை நாள் தனியாக விடுவது என்று அப்பா கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள் கான்வாஸ் விரிப்பு யூனிட் ஆரம்பித்தார். கெட்டியான கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளைப் பூச்சு பூசிக் காயவைத்து, அதன்மேல் கையால் படம் எழுதி, திரும்பத் திரும்ப வார்னிஷ் அடித்தால் தரையில் விரிக்கிற விரிப்பாகிவிடும். ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்கிப் போடுகிறார்கள் என்றார்கள். அம்மாவுக்குப் படம் எழுத நன்றாக வரும். அவர் எழுதிய சாம்பிள் தேறிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அம்மா வீட்டில் இருந்தால் எனக்கு ஹாஸ்டல் கிடையாது. என் தலையெழுத்து ஒரு விரிப்பில் வந்து நின்றது.

விரிப்பை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்டது மயில். அம்மா எழுதினார். தோகை விரிப்பின் நான்கு மூலைக்கும் போயிற்று, ஓரமெல்லாம் இலைக்கொடி. எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் கண்ணை எழுதினார். ஓனரம்மா வந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்க. இதை உங்க ஊட்டு வாசப்படிக்கு உள்ளார போட்டு வைங்க. வாரவங்க போறவங்க எல்லாரும் மிதிக்கோணும். பொங்கல் கழிஞ்சு எடுத்துட்டு வாங்க. பெயிண்டு வெடிக்காம இருந்துச்சுன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார்.

மிதிப்பது ஒரு பெரிய காரியமா என்றுதான் நினைத்தோம். யாரும் மிதிக்கவில்லை.

பால்காரர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். பக்கத்து வீட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நகர்ந்து வந்தார். "சும்மா மிதிங்க, மிதிக்கறதுக்குத்தான் போட்டிருக்குதுங்க" என்று அம்மா கெஞ்சினார். "ஐயோ, ஆகாதுங்க. முருகன் வாகனமுங்க" என்றார் அந்த அக்கா. அம்மாவைப் பெற்ற அப்புச்சி குண்டடத்திலிருந்து வந்தவர், குனிந்து மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். எழுதிய அம்மாவே ஓரத்து இலைகளில்தான் கால் வைத்தார். "கண்ணை எழுதியிருக்கக் கூடாதாட்டிருக்குது. பாத்துட்டே இருக்குது" என்றார். நானும் தினம் பள்ளிக்குக் கிளம்பும்போது காலைத் தூக்குவேன், மயில் என்னைப் பார்க்கும், கால் தானாகத் திரும்பிவிடும்.

அப்பா கதை இன்னும் மோசம். அவர் பழனிக்குப் பாதயாத்திரை போவதற்காக மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, வெறுங்கால். வாசற்படியிலிருந்து ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே விழுவார். என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டதால்தான் தாண்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. விரிப்பு பளபளவென்று அப்படியே கிடந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். பாதி வழிகள் முட்டுச்சந்தில் போய் நிற்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே போனவர், கம்பெனியிலிருந்து ஒரு பெரிய பனியன் வேஸ்ட் துணியோடு திரும்பினார். எங்கள் பக்கத்தில் பனியன் வேஸ்ட் காலடியில் கிடக்காத வீடு கிடையாது. கால் துடைக்க அதுதான், கரண்டி பிடிக்க அதுதான், வண்டி துடைக்கவும் அதுதான். அதை மயிலின்மேல் போட்டு மூடினார்.

"இப்ப மயில் எங்கிருக்குது? மிதிக்கச் சொல்லு."

"தப்பில்லையாடா?" என்றார் அம்மா.

"மிதி மிதிதானக்கா."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று முதல் எங்கள் வாசல் சந்தைக்கடை ஆயிற்று. பால்காரர் மிதித்தார், பக்கத்து வீட்டு அக்கா நடுத் துணியிலேயே நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார். எனக்கு மூச்சு வந்தது, அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை.

"விரிப்பு எங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"வேற ஊட்டுல போட்டுப் பாக்கறேன்னு ஓனரம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க மச்சான்" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்பா துணியின்மேல் வெறுங்காலை வைத்தார். கட்டை விரலால் துணியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். மாலை போட்ட மனிதரை முருகனுடைய மயிலின்மேலேயே நடக்க விட்டாயிற்று. அதுவும் எனக்காக. சாமி சும்மா விடுமா?

விடவில்லை. சில நாளில் அப்பா நொண்டிக்கொண்டு வந்தார். கம்பெனியில் உடைந்து கிடந்த மிஷின் ஊசி வெறுங்காலில் ஏறிவிட்டது. காலில் கட்டு. நான் அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"எதுக்குச் சாமி அழுகறே? ஊசி குத்தறது இந்த வேலைல இருக்கறதுதான்" என்றார் அப்பா.

"நான் ஹாஸ்டலுக்கே போறேனுங்கப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? விஷயத்தைச் சொன்னால் மாமாவுக்கும் அம்மாவுக்கும் திட்டு விழும், சொல்லாவிட்டால் அப்பாவுக்கு இன்னொரு கால் போகும். ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் முருகனுக்குக் கணக்கு நேராகிவிடும் என்று அந்த வயதில் பட்டது. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அப்பா எழுந்து நொண்டியபடி குழாயடிக்குப் போனார்.

அந்த நாட்களில் அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வேலையிலிருந்து வந்ததும் வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். மாலை போட்டவர் அப்படிச் செய்வதில் அதிசயமில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போதும் பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடந்து வந்து, வாசல் துணியைக் கடந்து தெருப் புழுதியில் இறங்குவார். காலில் கட்டு இருந்தபோதும் விடவில்லை. "ஏனுங்க, கட்டு நனையுதுங்க! வெளிய போறதுக்கு எதுக்குங்க கால் கழுவறீங்க?" என்று அம்மா சத்தம் போடுவார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். மாலை போட்டவர்களுக்கு அப்படியும் ஒரு விதி இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்தது. மாமா துணியை எடுத்தார். மயில் மங்கியிருந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. ஓனரம்மா விரிப்பை வெயிலில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பாஸுங்க" என்றார். அப்பா கால் ஆறி, பழனிக்கு நடந்து போய்ப் பஞ்சாமிர்தத்தோடு திரும்பினார். டிரங்குப் பெட்டி பரணிலிருந்து இறங்கி, அம்மாவின் பிரஷ்களையும் பெயிண்ட் டப்பாக்களையும் வாங்கிக்கொண்டது. மச்சானையே ஏமாற்றிவிட்ட சாமர்த்தியத்தை மாமா விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வருஷமும் அப்பா மாலை போட்டார். முதல் நாள் காலையில் பச்சை வேட்டியோடு, குழாயடிப் பக்கமே போகாமல், நேராகத் தெருவில் இறங்கினார். எனக்குப் பதறிவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்கப்பா, கால் கழுவாமப் போறீங்க?"

அப்பா திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தார். வெறும் சிமெண்டுத் தரை.

"இப்ப எதுக்குச் சாமி?" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அப்பாவுக்குப் பக்தி குறைந்துவிட்டதே என்று அன்று முழுவதும் எனக்குக் கவலையாக இருந்தது.