சபீர் வளர்த்த தாடி

குளச்சலில் மீன்பிடி வலையும் கயிறும் விற்கிற கடை சபீருக்கும் ஃபாயிஸுக்கும். இரட்டைப் பிறவிகள். கடையை ஒட்டினாற்போலத்தான் என் என்ஜின் ஒர்க்‌ஷாப். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் ஆளைப் பார்த்துப் பெயர் சொல்ல எனக்கு வரவில்லை. "ஏலே, ரெண்டில ஒண்ணே" என்று கூப்பிடுவேன். யார் காதில் விழுகிறதோ அவன் திரும்புவான்.

வள்ளக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஒருவனிடம் விலை பேசத் தொடங்கி, டீ குடித்துவிட்டு வந்து மற்றவனிடம் முடிப்பார்கள். அவனும் சளைக்காமல் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வான். ஒரே முகம், ஒரே மீசை, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிற அதே பழக்கம். பெற்ற உம்மா பல்கீஸ் பீவிகூடச் சின்ன வயதில் ஒருவனுக்கு வைத்த அடியை மற்றவனுக்குக் கொடுத்ததுண்டு. ஏமாறாத ஆள் ஒன்றே ஒன்றுதான், ஃபாயிஸின் மகள் முப்ஷிரா. ஐந்து வயது. கடைக்கு வந்தால் வலைக்கட்டின்மேல் ஏறிக் குதிப்பாள், தன் வாப்பாவிடம் திட்டு வாங்குவாள், அடுத்த நிமிடம் அவன் மடியிலேயே ஏறிக்கொள்வாள். சபீரிடம் ஒருநாளும் ஆள் மாறிப் போனதில்லை.

இரட்டையரில் ஒருவருக்கு வலித்தால் மற்றவருக்கும் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். போன வருடம் ஃபாயிஸ் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கட்டின்மேல் சாய்ந்த நேரத்தில், சபீர் குழித்துறையில் பஸ்ஸுக்கு நின்றபடி பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து வந்து என்னிடம் சொன்னான். "எனக்கு ஒண்ணும் தோணல்ல, சத்தியநேசண்ணே. அவன் அங்க கெடந்து துடிச்சிருக்கான். நான் பஜ்ஜி தின்னுட்டு நிக்கேன்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஃபாயிஸின் மனைவி சுமைரா இத்தா இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் பெண் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். உடன்பிறந்தவன் போன்ற சிலரைத் தவிர வேறு ஆணின் முன்னால் வரமாட்டாள். கணவனின் அண்ணனும் வேற்று ஆண்தான். அவர்கள் முறை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வேற்று ஆணுக்கு இருந்தது இறந்தவனின் முகமல்லவா?

முகம் மட்டுமா? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு காலையில் சபீர் முற்றத்தில் நின்று வழக்கம்போலச் செருமியிருக்கிறான். அந்தப் பக்கம் சுமைரா டீ போட அடுக்களைக்கு ஓடி, பாதி வழியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். பல்கீஸ் பீவி அழுதுகொண்டே வந்தாள்.

"மக்கா, நீ இனி செருமாத. அவ மாப்பிள வந்துட்டாருன்னு எழும்பி ஓடுகா."

அன்றோடு சபீரின் சத்தம் அடங்கியது. தாடியும் வளர்க்கத் தொடங்கினான். தம்பி போனபிறகு மார்க்கத்தில் பிடிப்பு வந்துவிட்டது என்று ஊரில் மெச்சினார்கள். காரணம் எனக்குத்தான் தெரியும். "இந்த மொகத்த வச்சிட்டு அந்தப் பிள்ளைக்க முன்னால எப்பிடிண்ணே போவேன்?" என்றான். முப்ஷிராவைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். எனக்குக் கோபமாக வந்தது. பிள்ளை என்ன பாவம் செய்தது? திட்டியும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு வலையை மடித்தான்.

இத்தா முடிந்த வாரமே சுமைரா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவாசலுக்கு வந்துவிட்டாள். தலைத்துணியை இழுத்துவிட்டு, தரையைப் பார்த்துப் பேசினாள். மாப்பிள்ளையின் அண்ணன் அவளுக்குக் காக்கா. நான் என் கடையில் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன்.

"காக்கா, இந்தத் தாடிய எடுத்திருங்கோ."

"என்ன சுமைரா இது?"

"நீங்க ஒளிச்சு நடக்கது அவளுக்குத் தெரியும். வாப்பாவப் போல பெரியவாப்பாவும் போயிட்டாங்களான்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

"அவளுக்குப் பாக்க போட்டோ இருக்குல்லா..."

"எல்லா போட்டோலயும் சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க காக்கா. பிள்ளைக்கு சிரிச்ச மொகம் மட்டும் போதுமா? அவங்க கோபப்படுக மொகத்த நான் எங்க போயி காட்ட?"

சபீர் எதிரே இருந்த சலூனுக்குப் போனான். மழித்துவிட்டு மீசையோடு அவன் தெருவைக் கடந்து வந்தபோது, 'ஃபாயிஸே' என்று எனக்கே வாயில் வந்துவிட்டது. சுமைரா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

முப்ஷிரா அப்போதும் ஏமாறவில்லை. விறுவிறுவென்று வலைக்கட்டின்மேல் ஏறி, அவன் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவாப்பா," என்றாள். "வாப்பா ஏசுகது மாதிரி ஏசுங்கோ."

சபீர் புருவத்தைச் சுருக்கினான். இத்தனை மாதம் அடக்கிவைத்திருந்த தொண்டையைச் சத்தமாகச் செருமினான்.

"வலைக்க மேல ஏறப்பிடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? எறங்குட்டி கீழ!"

அவள் இறங்கவில்லை. கண்ணை எடுக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா," என்றாள்.

இரண்டாவது முறை அவனால் முடியவில்லை. பிள்ளையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தெருவே கேட்க அழுதான்.